கரிசல் காட்டில் எட்டுச் சக்கரம்

2023 அக்டோபர் 2-ந் தேதி. காந்தி ஜெயந்தி லீவு என்பதால் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "அம்மா, ஓடி வாங்களேன்!" என்று என் மகள் போட்ட கூச்சலில் கரண்டியும் கையுமாக ஓடினேன்.

டி.வி.யில் சீனாவின் ஹாங்சோ நகரத்து ஆசிய விளையாட்டுச் செய்தி. காலில் சக்கரம் கட்டிய நாலு பெண்கள் 3000 மீட்டர் தொடர் பந்தயத்தில் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கியிருந்தார்கள். சஞ்சனா பத்துலா, ஹீரல் சாது, இவர்களோடு நம் தமிழ்நாட்டுப் பெண்கள் கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரிராஜ். அதே நாளில் ஆண்கள் அணிக்கும் வெண்கலம். அந்த அணியில் நம்மூர்ப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார்.

"எனக்கும் அது வேணும்" என்றாள் மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

நாங்கள் இருப்பது பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மன் பேரைச் சொன்னால் எல்லாருக்கும் தெரியும். 1974-ல் அரசாங்கம் கட்டிய நினைவுக் கோட்டையைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துப் பஸ்கள் வரும், பிள்ளைகள் இறங்கிப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். மற்றபடி கண்ணுக்கு எட்டிய தூரம் கரிசல் காடுதான். உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய். கரிசல் மண்ணின் குணம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வருஷா வருஷம் மண் இப்படி மூச்சு விட்டால் அதன் மேல் போட்ட தார் ரோடு என்னவாகும்? ஒட்டக முதுகு மாதிரிதான் கிடக்கும். இங்கே போய் ஸ்கேட்டிங்கா என்று நான் சிரித்தேன். இரண்டு வருஷம் கழித்து, பேரிங்கையும் சக்கரத்தையும் பற்றி நாலு பேருக்குச் சொல்லும் அளவுக்கு ஆவேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் இன்னும் சிரித்திருப்பேன்.

அந்தத் தீபாவளிக்குப் பட்டுப்பாவாடை வேண்டாம், ஸ்கேட்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். டவுனில் ஒரு கடையில் 1,400 ரூபாய்க்கு வாங்கினோம். உருண்டால் பச்சையும் சிவப்புமாக வெளிச்சம் அடிக்கும் சக்கரம், பார்க்க அம்சமாக இருந்தது. வளருகிற பிள்ளையாயிற்றே என்று யூனிபாரம் எடுக்கிற மாதிரி இரண்டு அளவு பெரிதாகவே எடுத்தேன். முழங்கால், மணிக்கட்டுக் காப்புகளைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். "அதெல்லாம் எதுக்குங்க, வீட்டு வாசல்லதான விளையாடப் போறா" என்று நான்தான் திருப்பிக் கொடுத்தேன். கடையின் பேர் வேண்டாம், தப்பு என்னுடையது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சிமெண்டு உலர்களம் இருக்கிறது. இரண்டாம் நாள் சாயங்காலம் அங்கே போனாள். சோப்பு நுரையில் கால் வைத்த மாதிரி இரண்டு காலும் முன்னால் பறந்தன. விழும்போது யாருமே செய்வதைத்தான் அவளும் செய்தாள், இடது கையைப் பின்னால் ஊன்றினாள். ராத்திரிக்குள் கை வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பில் விரிசல். நாலு வாரம் மாவுக்கட்டு.

"பொம்பளப் பிள்ள கையக் கால ஒடிச்சிக்கிட்டா நாளைக்கு யாரு வந்து கட்டுவான்? ஆத்தாளுக்கும் புத்தி இல்ல, மகளுக்கும் புத்தி இல்ல" என்று என் மாமியார் ஒரு வாரம் விடாமல் பாடினார். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம். ராத்திரி மாவுக்கட்டுக் கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு தூங்கும் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம், திருப்பிக் கொடுத்த அந்தக் காப்புகள்தான் கண்ணுக்குள் நின்றன.

பின்னால்தான் தெரிந்துகொண்டேன். 1996-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற மருத்துவ இதழில் இந்த வகை ஸ்கேட்டிங்கில் அடிபட்டவர்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்திருக்கிறது. மணிக்கட்டுக் காப்பு போடாதவர்களுக்கு, போட்டவர்களைவிட மணிக்கட்டில் அடிபடும் வாய்ப்பு சுமார் 10 மடங்கு என்று கண்டிருக்கிறார்கள். எலும்பு முறிவில் முதலில் போவதே மணிக்கட்டுதானாம். அந்தக் காப்பின் உள்ளங்கைப் பக்கம் ஒரு கெட்டியான பட்டை இருக்கும். தரையில் பட்டதும் கை அப்படியே ஊன்றி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

அந்த டிசம்பர் 17, 18-ல் தூத்துக்குடி மாவட்டமே வெள்ளத்தில் மிதந்தது நினைவிருக்கும். வீட்டுச் சாமான்களை மேலே ஏற்றும்போது ஸ்கேட்டைக் கட்டிலடியில் மறந்துவிட்டேன். வெள்ளம் வடிந்த பிறகு எடுத்தால் சக்கரம் எட்டும் கரிசல் களி அப்பி, மண்கட்டியாக இருந்தது. பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடலாம் என்று வாசலில் வைத்தேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை. கட்டுப் பிரித்த கையால் அதை எடுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தாள்.

சக்கரத்தில் என்ன எழுதியிருக்கிறது?

பொங்கலுக்குக் கோவில்பட்டியிலிருந்து என் அக்கா மகன் வந்தான். கோவில்பட்டிப் பையன்களைப் பற்றிக் கேட்க வேண்டுமா? கடலை மிட்டாயும் ஹாக்கி மட்டையும் இல்லாத வீடு கிடையாது. இவனும் ஹாக்கிக்காரன்தான், சென்னையில் படிக்கப் போன இடத்தில் ஸ்கேட்டிங்கும் பழகிவிட்டான். இந்த ஒற்றை வரிசைச் சக்கர ஸ்கேட்டுக்கும் ஹாக்கிக்கும் சொந்தம் உண்டாம். அமெரிக்காவில் மினசோட்டாவில் ஸ்காட் ஓல்சன் என்று ஒரு பனி ஹாக்கி ஆட்டக்காரர். பனி இல்லாத மாதங்களிலும் பழகுவதற்காக ஒரே வரிசையில் சக்கரம் வைத்த பூட்ஸைச் செம்மைப்படுத்தி 1980 வாக்கில் விற்க ஆரம்பித்தார். ரோலர்பிளேடு என்ற கம்பெனி அப்படி வந்ததுதான். அதற்கும் இருநூறு வருஷத்துக்கு முன்னால், 1760-களில் லண்டனில் ஜான் ஜோசப் மெர்லின் என்பவர் காலில் சக்கரம் கட்டி, வயலின் வாசித்துக்கொண்டே விருந்துக்குள் நுழைந்து, நிறுத்தத் தெரியாமல் பெரிய நிலைக்கண்ணாடியில் போய் மோதினார் என்று ஒரு கதை சொல்வார்கள். என் மகள் மட்டும் இல்லை என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது!

எங்கள் ஸ்கேட்டைக் கையில் வாங்கி ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டான் பையன். இரண்டு சுற்றில் நின்றது.

"சித்தி, சக்கரத்துல என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா?"

"ஒண்ணும் எழுதலையேப்பா."

"அதான் சித்தி விஷயம்."

நல்ல சக்கரம் என்றால் பக்கவாட்டில் இரண்டு எண் இருக்குமாம். ஒன்று குறுக்களவு, மில்லிமீட்டரில். இன்னொன்று கடினம், பக்கத்தில் 'ஏ' என்று எழுத்தோடு. 76 மி.மீ., 85 ஏ என்பது போல. கடின எண் சிறியதாக இருந்தால் சக்கரம் மெத்து, பெரியதாக இருந்தால் கெட்டி. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 74-க்கும் 90-க்கும் நடுவில். எங்களுடையது பாலியூரித்தேனே இல்லை, வெறும் பி.வி.சி. பிளாஸ்டிக். எவர்சில்வர் டம்ளரைச் சிமெண்டுத் தரையில் தள்ளிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு ஓடும். ரப்பர்ச் செருப்பைத் தள்ளிப் பாருங்கள், பிடித்துக்கொண்டு நிற்கும். என் பிள்ளையை நான் டம்ளர் மேல் ஏற்றி விட்டிருக்கிறேன்.

இப்போது நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நீங்கள் குழந்தைக்கு வாங்கப் போகும்போது இதை மனசில் வைத்துக்கொண்டால் போதும்.

மெத்துச் சக்கரம் தரையைக் கவ்வும், சின்னச் சின்ன அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். ஆனால் சீக்கிரம் தேயும், வேகமும் குறைவு. கெட்டிச் சக்கரம் நாள்பட உழைக்கும், சுழன்று திரும்பச் சுலபம். ஆனால் சொரசொரப்பான தரையில் பல் கூசும், பளபளப்பான தரையில் வழுக்கும். சென்னை, பெங்களூர் மாதிரி இடங்களில் வழுவழுவென்று போட்ட தளத்தில் பழகுகிறவர்கள் 85-க்கு மேலேயும் போடலாம். நம் உலர்களத்துச் சிமெண்டுக்கும் பள்ளிக்கூடத்துத் தளத்துக்கும் 82-லிருந்து 85 வரை என்பது என் அபிப்பிராயம். கல்யாண மண்டபத்து மொசைக், டைல்ஸ் தரை என்றால் இன்னும் மெத்தாகவே இருக்கட்டும். வெயிலில் சக்கரம் கொஞ்சம் இளகவும் செய்யும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் காய வைத்து எடுக்காதீர்கள். பூட்ஸின் ஒட்டுப் பசையும் விட்டுப்போகும்.

குறுக்களவுக்கு வருவோம். பெரிய சக்கரம் வேகமாக ஓடும், சின்னக் கல்லைச் சட்டை செய்யாமல் ஏறிப்போகும். பந்தய வீரர்கள் 100, 110, ஏன் 125 மி.மீ.கூடப் போடுகிறார்கள். ஆனால் சக்கரம் பெரிதாகப் பெரிதாகக் கால் தரையிலிருந்து உயரும், ஸ்கேட் நீளமாகும், சட்டென்று திரும்பாது. என் மகள் ஆசைப்பட்டதோ பந்தயம் இல்லை. செல்போனில் அவள் பார்த்துப் பார்த்து ரசித்தது, வரிசையாக வைத்த சின்னக் கூம்புகளுக்கு நடுவே பாட்டுக்குத் தகுந்தபடி காலைப் பின்னிப் பின்னிப் போகும் ஆட்டம். ஃப்ரீஸ்டைல் என்று அதற்குப் பேர். போட்டிகளில் 20 கூம்புகளை 80 செ.மீ. இடைவெளியில் வைக்கிறார்கள், ஆட்ட வகைக்கு 50, 120 செ.மீ. வரிசைகளும் உண்டு. ஹாங்சோவிலும் கூம்புகளுக்கு நடுவே வேகமாகப் பாயும் போட்டி நடந்தது. இந்த வகைக்கு 72, 76, 80 மி.மீ. சக்கரம்தான் சரி. சின்னக் கால் குழந்தைகளுக்கு இன்னும் சிறியதாகவே வரும்.

வாங்குமுன் இன்னொன்று. ஃபிரேமில் எவ்வளவு பெரிய சக்கரம் பிடிக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 76 மட்டுமே பிடிக்கிற ஃபிரேமுக்கு 80 வாங்கி வந்தால் சக்கரமும் சக்கரமும் உரசும். ஃபிரேம் அலுமினியமாக இருக்கட்டும். பூட்ஸ் கணுக்காலைக் கட்டிப் பிடிக்கட்டும். எங்கள் முதல் ஜோடி இரண்டு அளவு பெரிதாக இருந்ததால் உள்ளே கால் இங்கும் அங்கும் போய்க் கணுக்கால் மடங்கியது. வளருகிற பிள்ளைதான், ஆனால் ஸ்கேட்டில் அந்தக் கணக்குச் செல்லாது. பிள்ளையைக் காகிதத்தில் நிற்க வைத்து, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை அளந்து, மில்லிமீட்டரில் அளவு சொல்லி வாங்குங்கள். நகத்தை வெட்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

அந்த 1,400 ரூபாய் ஜோடி போனது போனதுதான். பையன் சென்னையில் தெரிந்தவர் மூலமாக 3,500 ரூபாய்க்குப் பழைய ஜோடி ஒன்று பார்த்து அனுப்பினான். பாவாடை, பலகாரம், சீட்டு என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பிடித்துத்தான் அந்தப் பணம் சேர்ந்தது. காப்புகளையும் ஹெல்மெட்டையும் மட்டும் புதிதாக, முதலில் வாங்கினேன்.

விழப் பழகு, பிறகு நில்

"எந்திரிச்சு நிக்கிறதுக்கு முன்னாடி விழப் பழகணும்" என்றான் பையன். தலையணை மெத்தையை விரித்து, எல்லாக் காப்பும் போட்டு, சக்கரம் இல்லாமலே விழ விட்டான். முழங்காலை மடித்துத் தாழ்ந்து, முன்பக்கமாக முழங்கால், முழங்கை, உள்ளங்கை என்று வரிசையாக இறங்க வேண்டும். பின்னால் சாயக் கூடாது. சாய்கிற மாதிரி தெரிந்தால் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடி, உடம்பு தானாக முன்னால் வரும். இதை மகள் ஐம்பது தடவை செய்திருப்பாள். ஆச்சி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஸ்கேட்டைப் போட்டுக் கோரைப்பாயின் மேல் நிற்பது. பாயில் சக்கரம் உருளாது, பயம் தெளியும். குதிகால் சேர்ந்து விரல்கள் விரிந்து, வாத்து மாதிரி நடப்பது. களத்துக்கு இறங்கி ஒரு காலால் தள்ளி மறு காலில் வழுக்குவது. நிற்பதற்குக் குதிகால் பிரேக். ஃப்ரீஸ்டைல் ஸ்கேட்டில் பிரேக் இருக்காது, இருந்தாலும் கழற்றிவிடுவார்கள். ஆரம்பத்தில் கழற்றாதீர்கள். பின்னாலுள்ள காலைக் குறுக்கே இழுத்து நிறுத்தும் முறை படிய எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. அதில் சக்கரம் தேய்கிற தேய்ப்பு இருக்கிறதே, அது தனிக் கதை.

கூம்பு வாங்கவில்லை. டீக்கடை பேப்பர்க் கப்புகளைக் கவிழ்த்து வைத்தோம். தையல் டேப் இருக்கிறதல்லவா, அதில் 47 அங்குலம் என்றால் 120 செ.மீ. கிட்ட வரும். ஆரம்பத்துக்கு அதுவே நெருக்கம், இன்னும் தள்ளிக்கூட வைக்கலாம். 80 செ.மீ.க்கு 31½ அங்குலம். அதை அப்புறம் பார்க்கலாம். முதல் பாடம் மீன்: இரண்டு காலும் விரிந்து கப்பைத் தாண்டிச் சேர்வது. அடுத்தது பாம்பு: ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, வளைந்து வளைந்து. அதற்கடுத்துக் கால்கள் கத்தரி மாதிரி குறுக்கே மாறுவது.

பாம்பில்தான் மகள் மாட்டிக்கொண்டாள். நாலாவது கப் வரை வருவாள், ஐந்தாவதைத் தட்டிவிடுவாள். நாள் கணக்கில் இதே கதை. ஒரு சாயங்காலம் அத்தை களத்து ஓரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். அவர் போடும் கம்பிக் கோலத்தைப் பார்க்க மார்கழியில் அடுத்த தெருவிலிருந்து வருவார்கள். திடீரென்று ஒரு சத்தம்.

"ஏட்டி, புள்ளியவா பாத்துக்கிட்டுக் கோலம் போடுவாக? கம்பி அடுத்தால எங்க போகுதுன்னு பாருட்டி!"

மகள் கப்பை விட்டுவிட்டு இரண்டு கப் தள்ளி முன்னால் பார்த்தாள். ஏழாவது வரை போனாள். செல்போன் வீடியோக்களில் பயிற்சியாளர்கள் சொல்வதும் இதேதான், காலடியைப் பார்க்காதே, போகிற வழியைப் பார். அத்தை அன்றைக்குப் பிறகு கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. பேத்தி களத்துக்குக் கிளம்பினால் "மணிக்கட்டுல மாட்டுற சாமானை எடுத்தியா?" என்று மட்டும் கேட்பார்.

தேய்ந்த சக்கரத்தை எறியாதீர்கள்

என் வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டுகிறவர். ஸ்கேட் விஷயத்தில் மூன்று மாதம் தலையிடாமல் இருந்தவரை இழுத்தது தேய்ந்த சக்கரம்தான். எல்லாச் சக்கரமும் உள்பக்க ஓரம் மட்டும் சரிந்து தேய்ந்திருப்பதைப் பார்த்தவர், "டயர் மாத்திப் போடலையா?" என்றார். லாரிக்குப் போலவே இதற்கும் உண்டு. நாலும் ஒரே அளவாக இருந்தால் ஒன்றாவதையும் மூன்றாவதையும், இரண்டாவதையும் நாலாவதையும் இடம் மாற்ற வேண்டும். மாற்றும்போதே திருப்பிப் போட வேண்டும், தேய்ந்த ஓரம் வெளிப்பக்கம் வரும்படி. இப்போது மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை அவருடையது. ஆலன் கீயை வேறு யாரும் தொடக் கூடாது.

2025 ஜூனில் மகள் பாதம் வளர்ந்து என் பாதத்தை எட்டிவிட்டது. சீட்டு எடுத்துப் புது ஜோடி வாங்கினோம், 80 மி.மீ. சக்கரம் நாலும் சமம். இந்த இடத்தில் 'ராக்கர்' என்ற சமாசாரத்தைச் சொல்லியாக வேண்டும். ஆடும் மரக்குதிரையின் அடிக்கட்டையைப் பார்த்திருப்பீர்கள், நடு தாழ்ந்து இரண்டு முனையும் தூக்கி இருக்கும். ஸ்கேட்டில் நடுவிலுள்ள இரண்டு சக்கரத்தை 80 ஆகவும், முன்னும் பின்னும் 76 ஆகவும் போட்டால் அதே வடிவம்தான். வித்தியாசம் 4 மி.மீ. என்றாலும் அச்சு எல்லாம் ஒரே உயரம் என்பதால் முனைச் சக்கரம் தரையிலிருந்து எழும்புவது அதில் பாதி, 2 மி.மீ.தான். கிட்டத்தட்ட ஒரு நாணயத்தின் கனம். அந்த நாணயத்துக்குத்தான் இத்தனை மகிமை! நாலு சக்கரத்துக்குப் பதில் இரண்டே தரையில் படுவதால் கால் நினைத்த பக்கம் சுழலும். அதே காரணத்தால் முன்னும் பின்னும் ஆட்டமும் காணும். ஃபிரேமிலேயே அச்சைத் தூக்கி வைத்த ஸ்கேட்டுகளும் உண்டு. அவற்றுக்கு நாலும் ஒரே அளவுதான், சிறியது பெரியது என்று கலக்கக் கூடாது.

ஆரம்பத்திலிருந்தே ராக்கரில் பழகு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கை ஒடிந்த பிள்ளை, முதலில் நாலு சக்கரமும் தரையில் ஊன்றி நேராகப் போகட்டும், நிற்கக் கற்கட்டும், பாம்பு முடியட்டும் என்றிருந்தேன். பாம்பு முடிந்து கத்தரி வரும்போதுதான் சமச் சக்கரம் தடையாக இருந்தது. புதிதாக வாங்கவில்லை. பழைய ஜோடியின் 76-களில் அதிகம் தேயாத நாலைப் பொறுக்கிப் புது ஜோடியின் முன்னும் பின்னும் போட்டோம். பேரிங் எல்லாவற்றுக்கும் 608 என்ற ஒரே அளவு, அப்படியே பொருந்தியது. ராக்கர் போட்ட பிறகு இடம் மாற்றும் முறை வேறு: முன்னதும் பின்னதும் தங்களுக்குள், நடு இரண்டும் தங்களுக்குள். 76-ஐ நடுவில் போட்டுவிட்டால் ஸ்கேட் கவிழ்ந்த தொட்டில் மாதிரி ஆகிவிடும்.

அந்த செப்டம்பரில்தான் ஆனந்த்குமார் சீனாவில் பெய்டைஹே நகரத்து உலகப் போட்டியில் 1000 மீட்டரை 1 நிமிடம் 24.924 வினாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். இந்த விளையாட்டில் இந்தியாவுக்கு முதல் உலகப் பட்டம். செய்தியைப் பார்த்த மகள், 2023-ல் கத்தின மாதிரியே கத்தினாள். நான் இந்தத் தடவை அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

கரிசல் தூசி இருக்கிறதே, மாவு மாதிரி. சக்கரத்துக்கு இரண்டு வீதம் பதினாறு பேரிங்குக்குள்ளும் நுழைந்துவிடும். தண்ணீரில் கழுவக் கூடாது, துருப்பிடிக்கும். மூடி கழற்றுகிற மாதிரி உள்ள பேரிங் என்றால் கழற்றி, பெட்ரோலில் அலசி, நன்றாக உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். கெட்டியாகித் தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். இந்த வேலை அடுப்புக்கு எட்டாத வெட்ட வெளியில், பிள்ளைகள் கை படாமல், பெரியவர்கள் மட்டும் செய்வது. தீப்பெட்டியும் பட்டாசும் பிழைப்பாக உள்ள சீமையில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மழை பெய்து களத்தில் களி ஒட்டியிருந்தால் அன்றைக்கு லீவு. மணிக்கட்டுக் காப்பையும் உள் சாக்ஸையும் வாரம் ஒரு முறை துவைத்து நிழலில் காயப் போடாவிட்டால் வீட்டுக்குள் இருக்க முடியாது!

நேரம் எங்களுக்குச் சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை. பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை நினைத்தே பார்க்காதீர்கள். இறங்குமுன் மோர் குடிக்கச் சொல்லுங்கள். களத்தை ஒரு முறை பெருக்கிப் பாருங்கள். ஒரு சின்ன ஜல்லி போதும், சக்கரத்தை நிறுத்திவிடும். இருட்டுமுன் ஏறிவிட வேண்டும், சுருட்டை விரியன் நடமாடும் இடம். துப்பட்டா, பாவாடை வேண்டாம், சக்கரத்தில் சுற்றும். ரோட்டில் விடவே விடாதீர்கள்.

என் பாதமும் மகள் பாதமும் ஒரே அளவு என்றேன் இல்லையா? ஒரு நாள் மகள் டியூஷன் போயிருந்தபோது, காப்பெல்லாம் மாட்டிக்கொண்டு நானும் போட்டுப் பார்த்தேன். எனக்கு வயசு முப்பத்தாறு. வேப்பமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன், அவ்வளவுதான். மறுநாள் தொடையும் இடுப்பும் நெல் குத்தினவள் மாதிரி வலித்தன. ஆனால் அடுத்த வாரமும் போட்டேன். இப்போது களத்தை ஒரு சுற்று வருகிறேன், மரத்தைப் பிடிக்காமல். முழங்காலை மடித்தே நிற்பதால் தொடைக்கும் பின்னங்காலுக்கும் இடுப்புக்கும் நல்ல வேலை. உட்கார்ந்தே கிடந்த உடம்புக்கு நிதானம் வருகிறது. கர்ப்பமாக இருப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம். பிரசவமாகிச் சில மாதங்களே ஆனவர்களும், முழங்கால் வலி உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

கத்தரி இப்போது 120 செ.மீ.யில் பதினைந்து கப் வரை வருகிறது. 100-க்கு நெருக்கிப் பார்க்கலாம் என்றாள் மகள். அதற்குள் தை பிறந்து, களத்தில் உளுந்து வந்து விழுந்துவிட்டது. அடித்து, தூற்றி, காய்ந்து மூட்டை கட்டும் வரை களம் நமக்கில்லை. பதினாறு பேரிங்கையும் கழற்றிச் சுளகில் பரப்பி வைத்திருக்கிறேன். பக்கத்தில் அத்தை உட்கார்ந்து, உளுந்தில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் சுற்றிப் பார்த்து, சத்தம் போடுவதைத் தனியே வைத்துக்கொண்டிருக்கிறார்.